புளி போட்டுத் துலக்கிய வாள்

இன்று காலை அக்காவின் சாப்பாட்டு மேசையில் அந்த வாள் பிடி கழற்றியபடி கிடந்தது. மற்ற வாள்களில் கன்னங்கரேலென்று இருக்கும், பிடிக்குள் செருகிய அடிப்பகுதி, இதில் மட்டும் புதுத் துரு படிந்து வெளிறிச் செம்மண் நிறத்தில் இருந்தது. அந்த நிறத்துக்குக் காரணம் நான்தான்.

அத்தான், அக்காவின் கணவர், ஒக்லாந்தில் வீடு வீடாக மின்வேலை செய்தவர். பழைய ஜப்பானிய வாள்களில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். லின்ஃபீல்டில் இருக்கும் இந்தச் சின்ன வீட்டில் கறி வாசத்தோடு, வாள்களுக்குப் பூசும் கராம்பு எண்ணெயின் வாசமும் எப்போதும் கலந்திருக்கும். "அந்த வாளைப் பாக்கிறதில பாதி நேரம் என்னைப் பாத்தால் காணும்" என்று அக்கா சீண்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வாளின் சாதகமே அங்கேதான் இருக்கிறதாம். செய்தவரின் பெயர் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் துருவின் கறுப்பை வைத்தே எந்தக் காலத்து வாள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதெல்லாம் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தி, விசா கிடைத்து வந்து அவர்களோடு நான் தங்கியிருந்த முதல் வருடம். பாபகூராவில் ஒரு முன்னாள் படைவீரரின் மகளிடமிருந்து அத்தான் இந்த வாளை வாங்கிவந்தார். பெயர் வெட்டாத வாள். சனிக்கிழமை, வாள் சேகரிப்பவர்கள் கூடும் இடத்தில் அதைக் காட்டுவதாக இருந்தது. அந்தக் கிழமை முழுக்க வேறு கதையே இல்லை. வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. அவர் வேலைக்குப் போயிருந்தார். சோறு போடும் மனிதருக்கு என்னால் முடிந்த ஒன்றைச் செய்வோம் என்று, தையல் மெசினையும் அவருடைய குறடுகளையும் துடைத்துச் சாமிப் படத்தடியில் வைத்தேன். அவர் பிடி கழற்றி வைத்திருந்த வாள் பளபளத்தது, அடி மட்டும் ஒரே கறுப்பு. இப்படியா சாமிக்கு முன்னால் வைப்பது? புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் மினுங்க மினுங்கத் தேய்த்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

மாலையில் வந்த அத்தான் படத்தடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"புளி போட்டனீரோ, பிள்ளை?"

"ஓம் அத்தான். ஒரே கறள் பிடிச்சுக் கறுத்துக் கிடந்தது."

வாளை எடுத்து அடியை ஒருமுறை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வடிவாத்தான் மினுங்குது" என்றார். வடை நல்லாயிருக்கு என்றும் சொல்லி இரண்டு சாப்பிட்டார். மறுநாள் வாளோடு போனவர் நேரத்தோடேயே திரும்பிவிட்டார். அந்தக் கறுப்பு போனால் வயதைச் சொல்ல வழியில்லை என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கப் போனேன். "அது இரும்பு, பிள்ளை. விடும்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அத்தான் காலமாகி இரண்டு வருடமாகிறது. வாள்களைப் பொறுப்பேற்க அவருடைய கூட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இன்று வந்திருந்தார். ஒவ்வொரு வாளிலும் அத்தான் கட்டியிருந்த அட்டையை மரியாதையோடு வாசித்து வந்தவர், இதற்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

"வாளைப் பார்த்து மதிப்பிட அவரைப் போலக் கண் எங்களில் யாருக்கும் இல்லை. ஆனால் இதை அவரே தேய்த்துக் கெடுத்தாராம். கடைசிவரை இதைச் சொல்லியே கேலி செய்தோம்" என்றார் ஆங்கிலத்தில்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அத்தானின் ஆங்கில எழுத்து: காலம் தெரியாது. அறியாமல் சுத்தம் செய்தவர், உரிமையாளர்.

இருபது வருடக் கேலி. என் பெயரை ஒரு தடவைகூட அவர் அங்கே சொல்லவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பேனையை எடுத்து, உரிமையாளர் என்பதை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். வந்தவர் ஒன்றும் விளங்காமல் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கதிரையை அவர் பக்கம் தள்ளி, இருக்கச் சொல்லி, ஆயுத பூசையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.