கும்பாரேயிடம் ரசீது கேட்காத நிகானோர்

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதலில் பாதிரியாருக்குச் சொல்வார்கள், அடுத்து சவப்பெட்டிக்காரருக்கு, மூன்றாவதாக நிகானோர் லமாசானுக்கு. சில வீடுகளில் அவருக்குத்தான் முதலில். வீட்டுக்கு ஒருவராவது குவைத்திலோ ஹாங்காங்கிலோ கப்பலிலோ வேலை செய்யும் ஊர் இது. அடக்கத்துக்கு அவர்களால் வந்து சேர முடியாது. அவர்கள் பார்ப்பதற்காகத் துக்க வீட்டை முதல் நாளிலிருந்து கல்லறை வரை படம் பிடித்துத் தருவது நிகானோரின் தொழில். திருமணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் போவார். ஆனால் அவரே சொல்வார்: "கல்யாணத்துல ஆளாளுக்கு போனைத் தூக்கிக்கிட்டு நிப்பான். சாவுல நான் ஒருத்தன்தான்."

பருத்த உடம்பு. ஆனாலும் அவர் நடப்பது யாருக்கும் கேட்காது. வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் துக்க வீட்டுக்குள் நுழைவார். இரவு கண்விழிக்கச் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பவர்கள், "நிகானோர் வந்தாச்சு, இனிமே அழலாம்" என்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். வேலை முடியும்வரை ஒரு பிஸ்கட்கூடத் தொட மாட்டார்.

படம் பிடிப்பதில் இருந்த வேகம் அதை ஒழுங்குபடுத்துவதில் அவருக்கு இல்லை. முன்னறையில் இரண்டு கணினிகள், ஒரு பழைய மடிக்கணினி. அவற்றின் முன் உட்கார்ந்து, யார் முகமும் விட்டுப்போகாமல் வெட்டி ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார். வெளிநாட்டுப் பிள்ளைகள் அவசரப்படுத்தினால் அனுப்பிவிடுவார். அவசரப்படுத்தாதவள் ரொவேனா.

ரொவேனா குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். அவளுடைய தாய் ஃபெலிசா இறந்தபோது முதலாளி அம்மாள் விடுப்புத் தரவில்லை. அவள் நிகானோருக்கு அனுப்பிய குரல் செய்தியை மிண்டா எனக்குப் போட்டுக் காட்டினார். மிண்டா என்பது நிகானோரின் மனைவி லுஸ்விமிந்தா. "மானோங், அனுப்ப வேண்டாம். இங்க நான் அழுதா திட்டுவாங்க. ஒப்பந்தம் முடிஞ்சு வந்து, அம்மா வீட்டுல உக்காந்து பாத்துக்கறேன். பத்திரமா வச்சிருங்க." மானோங் என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பெரிய கணினியில், அவள் பெயரிலேயே. கேமராவுக்கு ஒரே ஒரு மெமரி கார்டுதான் இருந்தது. அடுத்த சாவுக்கு அதை அழித்துவிட்டுக் கொண்டுபோனார். ஆக, ஃபெலிசாவின் துக்கம் உலகத்தில் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருந்தது.

இதற்கிடையில் பாலத்து விவகாரம் வந்தது. ஓர் அடக்க ஊர்வலத்தில், நகராட்சி கட்டிய புதுப் பாலம் விரிசல் விட்டிருந்ததால் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் இடுப்பளவு ஆற்றில் இறங்கிப் போனார்கள். நிகானோர் கரையிலிருந்து அதைப் படமெடுத்து, வழக்கம்போல் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார். அந்தத் துண்டை யாரோ எடுத்து, மேயரைக் கேலி செய்து பாட்டுச் சேர்த்து, இணையத்தில் போட்டுவிட்டார்கள். போட்டது யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நிகானோர் இல்லை என்பது மட்டும் தெரியும். அவருக்குப் பாட்டுச் சேர்க்க வராது.

அதை விசாரிக்க அவர் வீட்டுக்கு வந்தவர் சார்ஜன்ட் சென்சியோ. நிகானோரின் இளைய மகளுக்கு ஞானத்தகப்பன். ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் கும்பாரே, கூப்பிடும்போது 'பாரே'. எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. கும்பாரேயோடு முறித்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

அன்று நடந்ததை மிண்டா ஒரு முறையும் நிகானோர் ஒரு முறையும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இருவர் சொன்னதிலும் மீன் விஷயம் ஒன்றுதான் வேறுபட்டது. மிண்டா பொரித்த மீன் என்கிறார், நிகானோர் குழம்பு மீன் என்கிறார்.

"பாரே, உக்காரு. சாப்பிடு."

"சாப்பிடறேன், ஆனா வந்த வேலைய முதல்ல சொல்லிடறேன். அந்தப் பாலம் வீடியோ. மேலேருந்து நச்சரிக்கறாங்க. உன் மெஷினெல்லாம் நாலு நாள் குடு. பாத்துட்டுத் தந்துடறோம். நீ ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நானே வந்தேன். வேற எவனாவது வந்திருந்தா கதவ உடைச்சிருப்பான்."

"கதவு ஏற்கெனவே உடைஞ்சுதான் கெடக்கு. நீதான் கீல் மாத்தித் தரேன்னு சொன்ன."

சென்சியோவும் கூட வந்த இரண்டு போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். சாப்பிட்டார்கள். நீதிமன்ற உத்தரவு எதையும் காட்டவில்லை, நிகானோரும் கேட்கவில்லை. மிண்டாதான் கேட்டார்: "பாரே, என்னென்ன எடுத்துட்டுப் போறீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்களேன்."

சென்சியோ பதில் சொல்வதற்குள் நிகானோர் முந்திக்கொண்டார். "ஏண்டி, நம்ம பொண்ணு தலையில ஞானஸ்நானத் தண்ணி ஊத்தறப்ப அவளக் கையில ஏந்தின மனுஷன். அவர்கிட்ட ரசீதா? எம் மானத்த வாங்காத."

ரசீது வரவில்லை. மாறாக, சென்சியோ ஒரு தாளை நீட்டினார். நிகானோர் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் இருக்கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு தூசி படாமல் இருக்கக் கணினிகளைப் படுக்கை விரிப்பில் சுற்றி, மிண்டா முடிச்சுப் போட்டதும், தாமே தூக்கிப் போய் வண்டியில் ஏற்றினார். மூலையில் வைக்க வேண்டாம், குலுங்கும் என்று சொல்லிக் கொடுத்தார்.

நான் ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளைப் பதியும் பிரிவில் இருந்தவன். அதனால் ஊரில் போலீஸ், கோர்ட் என்றால் என்னிடம் வந்து பேசுவார்கள். நாலு நாள் என்பது இரண்டு மாதமான பிறகு நிகானோர் வந்தார்.

"மானோங், எம்மேல வழக்கு எதுவும் இல்லியாம். சென்சியோவே சொன்னாரு. அப்ப சீக்கிரம் வந்துடும்ல?"

"வழக்கு இருந்தா அதுக்கு ஒரு தேதி இருக்கும். வழக்கே இல்லன்னா தேதியும் இல்ல. நீயா போய்க் கேட்டாத்தான் உண்டு."

"கேட்டுட்டுத்தானே இருக்கேன். போன வாரம்கூட பிஸ்கோச்சோ ரொட்டி ஒரு டப்பா கொண்டுபோனேன்."

"ஸ்டேஷன்ல இல்லப்பா. நீதிபதிகிட்ட."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உத்தரவு இல்லாமல் வந்தால் தர மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. உத்தரவோடு வந்திருந்தால் எடுத்த ஒவ்வொரு பொருளையும் எழுதி ரசீது தந்திருக்க வேண்டும், பொருளைப் பற்றி நீதிமன்றத்துக்குக் கணக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வழக்குப் போடாமல் பொருளை முடக்கி வைத்திருக்கிறார்கள், திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று மனுக் கொடுக்கலாம். அதற்கு, இல்லாதவர்களுக்கென்று அரசு வைத்திருக்கும் வழக்கறிஞர் ஒருவர் காசு வாங்காமல் உதவுவார்.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மனுவுல எதிர்ல யார் பேரு வரும்?" என்றார்.

"எடுத்துட்டுப் போனவர் பேரு."

"சென்சியோ பேரா?"

"ஆமா."

"அடுத்த மாசம் பொண்ணுக்கு உறுதிபூசுதல், மானோங். பிஷப் முன்னால அவர்தான் அவ தோள்ல கை வச்சு நிக்கணும்."

அவர் போனார். கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு நன்றாக நடந்தது. சென்சியோ மகளுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார்.

மழைக்காலம் தொடங்கியது. நிகானோர் ஸ்டேஷனுக்குப் போவதும் வருவதும் ஊருக்கு வேடிக்கையாகிவிட்டது. சந்தை முனையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்பார்கள்: "என்ன நிகானோர், உங்க கம்ப்யூட்டருக்கு ஆயுள் தண்டனையா, இல்ல ஜாமீன் கெடைக்குமா?"

"நன்னடத்தையில விட்டுடுவாங்க," என்பார் அவர்.

அவர் மைத்துனரின் கணினியை இரவல் வாங்கி வேலையை ஓட்டினார். ரொவேனா மட்டும் அவ்வப்போது செய்தி அனுப்பினாள். ஒரே கேள்விதான். பத்திரமா இருக்கா? பத்திரமா இருக்கு என்று அவரும் பதில் போட்டார். அது பொய் என்று அவர் நினைக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனை விடப் பத்திரமான இடம் ஏது என்று என்னிடமே கேட்டார்.

பிறகு சென்சியோவைத் தீவின் மறுகோடிக்கு மாற்றினார்கள். கும்பாரேயிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். வெட்கமாக இருந்திருக்கலாம். அவர் இடத்துக்கு வந்த அதிகாரி மரியாதையானவர், இளைஞர். நிகானோரை உட்கார வைத்துக் கோப்புக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சார், உங்ககிட்ட பறிமுதல் பண்ணதா இங்க ஒண்ணுமே இல்ல. நீங்களா விரும்பி ஒப்படைச்சீங்கன்னு ஒரு தாள்தான் இருக்கு. எத்தனை மெஷின்னுகூட அதுல போடல. எத நான் உங்களுதுன்னு எடுத்துக் குடுக்கறது?"

அன்று மாலையே நிகானோர் என் வீட்டுக்கு வந்தார். மறுநாள் இருவருமாக, நான் சொன்ன அந்த இலவச உதவி வழக்கறிஞர் பலோமாரிடம் போனோம். அந்த அம்மாள், ஸ்டேஷனில் வாங்கிய தாளின் நகலைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இதைப் படிச்சுட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

"கண்ணாடி உள்ள இருந்தது, அட்டர்னி."

"போய் எடுத்துட்டு வந்திருக்கலாமே."

"அவர் நின்னுக்கிட்டிருந்தாரு."

"நாற்காலி இல்லியா உங்க வீட்டுல?" என்றார் பலோமார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி விடுங்க. சம்மதிச்சுக் குடுத்தா நிரந்தரமா குடுத்ததா ஆகாது. வழக்கு இல்ல, புகார்ல உங்க பேரும் இல்ல. கேப்போம்" என்றார்.

கணினிகளின் அடையாளத்துக்கு, அவற்றை வாங்கிய கடையின் பில்களை மிண்டா தேடி எடுத்தார். மனு போனது. விசாரணை நாளில் போலீஸ் தரப்பு மறுப்பேதும் சொல்லவில்லை. நீதிபதி, பொருள் எதற்காவது தேவையா என்று ஒரு முறை கேட்டார். தேவையில்லை என்றார்கள். திருப்பிக் கொடுக்க உத்தரவானது. நிகானோர் தம் வெள்ளைச் சட்டையில், சாட்சி சொல்ல எழுந்தவர், சொல்ல எதுவும் இல்லாமல் உட்கார்ந்தார். வெளியே வந்து படிக்கட்டில் நின்று என்னைக் கேட்டார்.

"இவ்வளவுதானா, மானோங்?"

இவ்வளவுதான் என்றேன்.

பொருளறை ஸ்டேஷனின் பின்புறம் தகரக் கூரையின் கீழ் இருந்தது. கணினிகள் அதே படுக்கை விரிப்பில் சுற்றியபடி தரையில் கிடந்தன. விரிப்பு பச்சையாகப் பூத்திருந்தது. மழை முழுவதும் அந்த மூலையில்தான் இறங்கியிருக்கிறது. அவற்றை யாரும் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது முடிச்சைப் பார்த்ததும் தெரிந்தது. மிண்டா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

நகரத்தில் பழுது பார்ப்பவர் மடிக்கணினியை மட்டும் பிழைக்க வைத்தார். பெரிய கணினியின் ஹார்ட் டிஸ்கைத் திறந்து காட்டினார். துரு. "இன்னும் முன்னாடியே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்," என்றார். அவர் எல்லோரிடமும் சொல்வதுதான் அது. நிகானோர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ரொவேனா டிசம்பரில் வந்தாள். பெட்டிகளை வீட்டில் இறக்கியதும் நேரே நிகானோர் வீட்டுக்குத்தான் வந்தாள். மிண்டா என்னையும் வரச் சொல்லியிருந்தார், அவளைத் தனியாக எதிர்கொள்ளப் பயமாக இருக்கிறது என்று. நிகானோர் எதையும் மறைக்கவில்லை. பாலம், கும்பாரே, மழை, துரு, வரிசையாகச் சொன்னார். பிறகு, "நான் எல்லா நாளும் அங்க இருந்தேன். நான் சொல்றேன், கேளு" என்றார்.

சொன்னார். யார் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எந்த மெழுகுவர்த்தி முதலில் சாய்ந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா கையில எந்த ஜெபமாலை வச்சாங்க? நான் அனுப்பினதா?"

நிகானோர் யோசித்தார். "கையக் கிட்டப் போய் எடுத்தேன். ரொம்ப நேரம் எடுத்தேன்."

"அப்ப தெரியுமே."

"படத்துல இருக்கும்னு பாக்காம விட்டுட்டேன், மகளே."

"சின்ன மாமா அழுதாரா?"

"வெளிச்சம் சரியில்லன்னு விளக்கத் திருப்பிக்கிட்டிருந்தேன்."

அவள், "நீங்க ஏன் உடனே கோர்ட்டுக்குப் போகல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அவர் எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்."

"எங்கம்மாவுக்கு அவர் யாரு?"

மிண்டா காப்பி கொண்டுவந்து வைத்தார். ரொவேனா அதை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தாள். படத்துக்குக் கைம்மாறாகக் கொண்டுவந்திருந்த சாக்லேட் பையை மேசைமேலேயே விட்டிருந்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு தெருவரை பின்னாலேயே போனார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.