போஸ்டருக்குக் கீழே ஒரு வரி

இன்று காலை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு செய்தித் தலைப்பைப் போட்டிருந்தார்கள். கிரிவலப் பாதையில் மறுபடியும் ஆக்கிரமிப்புகளை அகற்றப் போகிறார்களாம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வருவதற்குள் அதன் கீழே ஒரு கூட்டமே வந்து பதில் எழுதிவிட்டுப் போயிருந்தது. ஒருவர் கைதட்டியிருந்தார், ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார், இன்னொருவர் "சூப்பர் தலைவா" என்று அந்தச் சிரிப்புக்கு ஒரு பாராட்டு. அவ்வளவுதான், எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வரி எழுதியதும் ஏதோ செய்து முடித்துவிட்டது போல மனிதர்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறதே, அந்த நிம்மதியை எனக்கு நன்றாகத் தெரியும். அதோடுதான் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

கிரிவலம் போகிற செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் வீட்டுக்காரர் பெட்டிக்கடை வைத்திருந்தார். பேப்பர், தண்ணீர் பாட்டில், பிஸ்கெட், வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களே என்று நாலைந்து வகை ஊதுவத்தி. விடியற்காலையில் பேப்பர் கட்டோடு, அன்றைய தலைப்பைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த போஸ்டரும் வரும். மற்ற கடைக்காரர்கள் அதைக் கம்பியில் மாட்டிவிட்டு வியாபாரத்தைக் கவனிப்பார்கள். இவர் போஸ்டருக்குக் கீழே ஒரு சின்னக் கரும்பலகையைச் சாய்த்து வைத்து, அந்தச் செய்திக்கு சாக்பீஸால் ஒரு வரி பதில் எழுதுவார். தங்கம் விலை உச்சம் என்றால், "எங்கள் வீட்டில் பாதிப்பு இல்லை." வெயில் கொளுத்தும் என்றால், "அக்னித் தலத்துக்கே வெயில் செய்தியா?" ஏரிகள் தூர்வாரப்படும் என்றால், "முதலில் ஏரியைக் கண்டுபிடிக்கவும்." பௌர்ணமிக்கு விரிவான ஏற்பாடு என்று வந்த நாளில், "உள்ளூர்க்காரன் வீட்டுக்குப் போக எந்த வழி?" பௌர்ணமியன்று எல்லாத் தெருவையும் தடுப்பு வைத்து மூடிவிடுவார்கள், எங்கள் வீட்டுக்கு நாங்களே ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அதனால் அந்த வரிக்கு ஊரே சிரித்தது.

பேப்பர் வாங்காதவர்கள்கூட பலகையைப் படிக்க வண்டியை நிறுத்துவார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் தினமும் அதைப் படம் எடுத்துத் தன் குழுக்களில் எல்லாம் போட்டார். "அண்ணே, பின்னிட்டீங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க இவர் முகத்தில் விளக்கு எரியும். வீட்டில் மட்டும் அந்த வாய் எங்கே போகும் என்று தெரியாது. மகளுக்கு எந்தக் காலேஜ் என்று கேட்டால் "பாப்போம்" என்பார். நின்று நின்று உங்கள் கால் வீங்கியிருக்கிறதே, டாக்டரிடம் போகலாமா என்றால் அதற்கும் "பாப்போம்"தான். நாட்டுக்கே பதில் சொல்கிற மனிதரிடமிருந்து எனக்கு ஒரு பதில் வாங்க முடியாது. எத்தனையோ நாள் சோற்றைத் தட்டில் போடாமல் கரண்டியோடு நின்றிருக்கிறேன்.

அப்படியிருக்கும்போதுதான் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கடைகளில் வந்து அளந்தார்கள், சுவரில் சிவப்புப் பெயின்டில் குறி போட்டார்கள். வேறு இடம் வேண்டும் என்பவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் இளநீர் வெட்டுகிற அக்கா அடுத்த திங்களே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். இவர் போகவில்லை. "ஆக்கிரமிப்புகள் விரைவில் அகற்றம்" என்று போஸ்டர் வந்த காலையில், "நகர்கிறோம். எங்கே என்று சொல்லவும்" என்று பலகையில் எழுதினார். அவர் எழுதியதிலேயே அதுதான் உசத்தி என்று இன்றைக்கும் சொல்வேன். கெடுத்ததும் அதுதான்.

அன்று ஒரு ஜீப் கடையோரம் நின்றதாம். கடைகளை அகற்றுகிற வேலையைப் பார்க்கும் அதிகாரி இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கினார், பலகையைப் படித்தார், வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா எழுதறீங்க. நியாயமாத்தான் கேட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"படிச்சிட்டாரு. அவரே படிச்சிட்டாரு."

"அவரு படிச்சா ஆச்சா? ஒரு மனு குடுத்துட்டு வந்துடுங்க. அந்த அக்காவே குடுத்துட்டு வந்துட்டா."

"மனுவ யாரு படிக்கறாங்க? கட்டு கட்டா மூலையில கெடக்குது. இத நேர்லயே படிச்சிட்டாரு. சொல்ல வேண்டியத சொல்லியாச்சு, உடு."

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு திங்களும் நான் சொன்னேன். சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அவரை அசைக்க முடியவில்லை. ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் வழியில்லை. அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை, உண்மையாகவே ரசித்துத்தான் சிரித்திருக்கிறார். சிரித்தவர் செய்துவிடுவார் என்று இவராக நினைத்துக்கொண்டார்.

ஒரு காலையில் இடிக்கிற இயந்திரம் வந்தது. சாமானை எடுத்து வைக்க நேரம் கொடுத்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். இளநீர் அக்காவின் வண்டியை, புதிதாக ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக ஒரு ஆளையும் அனுப்பினார்கள். இவர் அதே அதிகாரியிடம் ஓடினார், பின்னாலேயே நானும் போனேன்.

"சார், எனக்கு எடம்?"

அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "நீங்க மனுவே குடுக்கலையே."

"போர்டுல எழுதினேனே சார். நீங்களே படிச்சிட்டு..."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் கொஞ்சம் சுருங்கியது. "அது போர்டு சார். மனு இருந்தாத்தான் நான் எதாவது பண்ண முடியும்" என்று மெதுவாகத்தான் சொன்னார். தகரம் மடிகிற சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சுற்றி நல்ல கூட்டம். பலகையைப் படித்துச் சிரித்த முகங்கள் பாதிக்கு மேல் அங்கே இருந்தன, ஒவ்வொரு கையிலும் போன். ஏஜென்ட் முழுவதையும் வீடியோ எடுத்து, கீழே அழுகிற பொம்மை போட்டு அனுப்பினார். அழுதவர் வந்து ஒரு பிஸ்கெட் டப்பாவைத் தூக்கி வைத்திருக்கலாம்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு கடையில் போஸ்டர் தொங்கியது. "கிரிவலப் பாதை பளிச்: பொதுமக்கள் வரவேற்பு." இவர் அதன் முன்னால் நின்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று நான் பக்கத்தில் நின்றேன். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டார். இப்போது ஒரு விருந்தினர் விடுதியின் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது பேப்பரை நீட்டி "இதுக்கு இன்னா சொல்றீங்கண்ணே" என்றால், வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவர் பங்கையும் சேர்த்து நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கடை போன பிறகு வந்த திங்கட்கிழமை நான்தான் அவரைக் கலெக்டர் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாசல் மர நிழலில் மனு எழுதிக் கொடுக்கிற அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தாளை அட்டையில் செருகிக்கொண்டு, "இன்னா நடந்துச்சு, சொல்லுங்கண்ணா" என்றாள். இவருக்கு ஒரு வரிகூட வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லு."

சொன்னேன். கல்யாணமான புதிதில் என் அண்ணன் தகரம் வாங்கிக் கொடுத்து அந்தக் கடையை நிறுத்தியதிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு மழையில் மலைத்தண்ணீர் சரக்கையெல்லாம் அடித்துக்கொண்டு போனது, கொரோனாவில் பூட்டிக் கிடந்தபோது வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு ஜன்னலில் வந்து ஊதுவத்தி கேட்டது, தீபத்தன்று கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களைக் கடைக்குள் படுக்க வைத்தது, வீங்கின கால், மகள் காலேஜ் போவது, எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தில் தொடங்கியவள் எங்கேயோ அழ ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மா தேவையானதையும் எழுதினாள், தேவையில்லாததையும் எழுதினாள். தாளின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் நிறைந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவர் அதை வாங்கி, வெயிலிலேயே நின்று, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அவர் எதையும் அவ்வளவு நேரம் படித்து நான் பார்த்ததில்லை. படித்து முடித்துத் தாளைத் திருப்பி, மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தார்.

"நமக்கு இவ்ளோ இருக்குதா?" என்றார்.

அந்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.