பாலகிருஷ்ணன் ரோஸ்

துர்காவுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு இருந்தது பொறுமை இல்லை, வஞ்சம். வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் நாங்கள் வேலை பார்ப்பது கொலு பொம்மைப் பட்டறை. கலர் கலக்குகிறவர் பாலகிருஷ்ணன். சாமி முகத்துக்கு அவர் கலக்கும் ரோஸுக்காகவே வியாபாரிகள் தேடி வருவார்கள். கலக்கும்போது, ஏதோ தங்கம் காய்ச்சுகிற மாதிரி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எங்களுக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும்தான். துர்காவுக்கு பிரஷ் கழுவுகிற வேலை. ஒருநாள் மிச்சம் கிடந்த கலரை எடுத்து ஒரு லட்சுமிக்கு முகம் தீட்டிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அவர் பிரஷ் கழுவிய தண்ணீரை அப்படியே அந்த முகத்தில் ஊற்றினார்.

"சட்டி கழுவுற கைக்கு சாமி மூஞ்சி கேக்குதா?"

துர்கா அழவில்லை. பொம்மையைத் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அப்புறம்தான் போனில் ஓர் ஆப் ஏற்றினாள். படத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த நிறம் வர எந்தெந்தக் கலரை எத்தனை பங்கு சேர்க்க வேண்டும் என்று அது சொல்லும். சாப்பாட்டு நேரத்தில் அவர் தீட்டிய பொம்மைகளைப் படம் பிடித்தாள். டியூப் லைட்டில் ஒரு கணக்குச் சொன்னது, வெயிலில் வேறொன்று. சுத்த வெள்ளை எது என்று போனுக்குத் தெரிய, பக்கத்தில் வெள்ளைக் கோப்பை ஒன்றை வைத்து நிழலில் எடுக்கப் பழகினாள். வீட்டில் கலந்து கலந்து பார்த்ததில் ரோஸ் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் போன் சொன்ன வெள்ளை, சிவப்பு, மஞ்சளில் லட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது போலிருந்தது. இன்னும் ஏதோ ஒன்று சேர வேண்டும்.

"அத அந்தாளு வாயாலயே வாங்குறேன் பாருக்கா," என்றாள்.

மங்கலம்பேட்டைக் கடைக்காரர் சரக்குப் பார்க்க வருகிற நாளாகப் பார்த்து, பட்டறைச் சுவரில் போன் சொன்ன கணக்கைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். தலைப்பு, 'பாலகிருஷ்ணன் ரோஸ்'. அந்தக் காய்ச்சல்கார லட்சுமியைக் கீழே நிறுத்தினாள்.

பாலகிருஷ்ணன் உள்ளே வரும்போது கடைக்காரரும் முதலாளியும் அதன் முன்னால் நின்றிருந்தார்கள்.

"இவ்ளோதானா உங்க ரோஸு? இத யாரு வேணா கலக்கலாமே," என்றார் கடைக்காரர்.

ரகசியம் போனதைக்கூட மனுஷன் பொறுத்திருப்பார். அந்த அசிங்கத்துக்குத் தன் பெயர் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"இதுவா என் ரோஸு? கடைசியா ஒரு சொட்டு பச்ச வுடணும். இல்லன்னா மூஞ்சி இப்படித்தான் எரியும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

துர்கா எல்லார் கண்ணெதிரிலும், தான் கலந்து வைத்திருந்த ரோஸில் ஒரு சொட்டு பச்சை விட்டுக் கலக்கி, லட்சுமியின் முகத்தில் தீட்டினாள். அச்சு அசல் அவருடைய ரோஸ். சுவரில் அந்த வரியையும் சேர்த்து எழுதினாள். பிறகு அழுக்கு பிரஷ் டப்பாவைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"இத கழுவி வெச்சிடுங்கண்ணே."

பாலகிருஷ்ணன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்.