வளர்பிறையில் ஏறிய கப்பல்

நார்வே கடலோரமாக வடக்கே போகும் கப்பலில் எந்த மாதம் ஏறுவது என்று எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம், மகளுக்குக் கல்யாண நாள் குறித்தபோதுகூட நடந்ததில்லை. பயணத்துக்கு ஏற்பாடு செய்தது பாரிசில் வேலை பார்க்கும் அந்த மகள்தான். ஆசைப்பட்டது என் மனைவி. வருடக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். வடதுருவத்துப் பக்கம் இரவு வானத்தில் பச்சை ஒளி திரைபோல ஆடும் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லியிருக்கிறாள். "ஒரு தடவையாச்சும் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்" என்று ஓய்வு பெற்ற அன்றைக்குச் சொன்னாள்.

குளிர் குறைவான ஜூனில் போகலாம் என்றேன். அப்போது அங்கே சூரியன் மறைவதே இல்லை, ஒளி தெரியாது என்று மகள் அடித்துச் சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில் வரும் காரைக்கால் மாங்கனித் திருவிழாவை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். ஒளி பார்க்கப் புரட்டாசி, ஐப்பசி நல்ல காலமாம். அப்போது எங்கள் அம்பகரத்தூர் வயலில் சம்பா நடவு, அடுத்து மழை. நான் நகர முடியாது. மார்கழியில் அங்கே பகலே கிடையாது. தையில் இங்கே அறுவடை. இப்படிக் கழித்துக் கழித்து மாசியில் வந்து நின்றோம். அறுப்புக்கு முன்பே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிட்டால் மாசியில் வயலுக்கு நாம் தேவையில்லை. அங்கேயும் மாசியில் பகல் உண்டு, நீண்ட இரவும் உண்டு. நார்வேக்கும் காரைக்காலுக்கும் ஒத்துப்போகிற மாதத்தைக் கண்டுபிடித்தது நான்தான் என்று ஒரு வாரம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த மாசியில் இரண்டு கப்பல்கள் இருந்தன. "அப்பா, ரெண்டாவது தேதியே எடுத்துக்குவோம்" என்றாள் மகள் போனில். காலண்டரைப் பார்த்தேன். தேய்பிறை.

"தேய்பிறையில யாராச்சும் கப்பல் ஏறுவாங்களா? மொத தேதியப் போடும்மா."

அவள் ஏதோ விளக்க வந்தாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் மனைவி வந்து, "நீங்க சொன்ன தேதிதாங்க" என்றாள்.

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தேய்பிறை அஷ்டமியில் அவள் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து காலண்டர் பார்க்காமல் அவளை நாகூர்வரைகூட நான் கூட்டிப்போனதில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

கப்பல் ஏறினோம். ஒரு பக்கம் பனிமலை, மறுபக்கம் கடல். சாப்பாட்டில் உப்பு காரம் எதுவும் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆனால் மேல்தளத்தில் போய் நிற்போம். நாளுக்கு நாள் நிலா வளர்ந்தது. மூன்றாம் நாள், களத்தில் நெல் தூற்றுகிற அளவுக்கு வெளிச்சம். ஒளி வரவில்லை.

கப்பல் பணியாளர் ஒருவரிடம் கேட்டேன். இவ்வளவு நிலா இருந்தால் லேசான ஒளியெல்லாம் கரைந்துபோகும், அதற்காகவே வருகிறவர்கள் நிலா இல்லாத வாரமாகப் பார்த்து வருவார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருட்டைத் தேடிக் கிளம்பியவன், நல்ல நாள் பார்த்து நிலாவையும் கையோடு கூட்டி வந்திருக்கிறேன்.

பௌர்ணமியன்று ஊரில் மாசி மகம். திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் பெருமாள் தீர்த்தவாரிக்கு வந்த வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். மனைவி அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு மேலே வந்து, "நிலாவும் அழகாத்தாங்க இருக்கு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இறங்குவதற்கு முந்தின நாள். பௌர்ணமி கழிந்து மூன்றாவது நாள் என்பதால் நிலா வெகுநேரம் எழவில்லை. இரவுச் சாப்பாட்டின் நடுவே ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினோம். முதலில் வெறும் புகையாகத் தெரிந்தது. பிறகு பச்சையாகி, வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நெளிந்தது.

"பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேங்க. திரை இல்ல இது. வாய்க்கால்ல புதுத்தண்ணி ஓடியார மாதிரில்ல இருக்கு" என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"என் பிடிவாதத்தால நீ இதப் பாக்காமயே போயிருப்ப" என்றேன்.

"தெரியுங்க. நிலா இருந்தா தெரியாதுன்னு பொண்ணு அன்னைக்கே சொன்னா."

"பின்ன ஏன் ஒத்துக்கிட்ட?"

"தேய்பிறையில ஏறியிருந்தா, நான் தும்முனாக்கூட நாளு சரியில்லன்னு பயந்துருப்பீங்க. வானத்தப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு நின்னுருப்பீங்க. தனியாப் பாத்து நான் என்ன பண்ண?"

ஒளி இருபது நிமிடம்போல இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதில் பாதி நேரம் நான், கம்பளிக் குல்லாய் அவள் காதைச் சரியாக மூடியிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.