கப்பல் எண்ணெய்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை ரயில், பிறகு ட்ராம். ஆய்வுகூடம் என்று அங்கே ஒன்றும் இல்லை. ஜாம் போத்தல்களும் ஒரு துண்டு மெல்லிய துணியும் இருந்தன. உப்பையும் சீனியையும் நான் வீட்டிலிருந்து கொண்டுபோவேன். கலவையும் கரைசலும் அவற்றை வைத்துத்தான்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய தபசுகாலம் முடியும் தறுவாயில் அந்தப் பாடம் வந்தது. சீனி தண்ணீரில் காணாமற் போனதையும் மணல் அடியில் படிந்ததையும் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு தண்ணீரில் தேங்காயெண்ணெயை ஊற்றி, போத்தலை முன்வரிசை வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தியிடம் குலுக்கக் கொடுத்தேன். துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களைத் திருத்தும் பிற்றர் ஒருவரின் மகள் அவள். கை ஓயும்வரை குலுக்கிப் பார்த்தாள். எண்ணெய் மறுபடியும் மேலே வந்து நின்றது.

"கரையவே கரையாதா ரீச்சர்?"

"தண்ணியில கரையாது. எண்ணெயைக் கரைக்க இன்னொரு எண்ணெய்தான் வேணும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதானா அப்பா வேலையால வந்து மண்ணெண்ணெயில கை கழுவுறாரு!"

வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

உயிர்த்த ஞாயிறு காலையில் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. வெள்ளவத்தையில் எங்கள் யன்னல்கள் அதிர்ந்தன. அடுத்த நாள் கொழும்பை விட்டுப் போகிற சனத்தால் ஸ்டேசன்கள் நிறைந்துவிட்டன. அம்மா மறிக்க மறிக்க நான் எதிர்ப்பக்கமாகப் போனேன். என்னுடைய பிள்ளைகள் எல்லாரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்.

போத்தல் குலுக்கிய அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் சனம் நின்றது. அவசர வேலை என்று கூப்பிட்டதால் பூசைக்குப் போகாமல் துறைமுகத்துக்குப் போன தகப்பனைக் கடலிலிருந்து எடுத்து, கூட வேலை செய்தவர்கள் கன்வஸ் துணியில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். உடுப்பையும் இடுப்புப் பட்டியையும் வைத்து அவர்தான் என்று சொன்னார்கள். ஆனால் தலையிலிருந்து கழுத்துவரை கப்பல் எண்ணெய், தார்போல அப்பியிருந்தது. பெண்கள் இருவர் சவர்க்காரமும் தண்ணீருமாகத் தேய்த்தும் கறுப்பு அசையவில்லை.

தாய் அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது அவரில்ல. அவரு ஆஸ்பத்திரியில இருப்பாரு. போய்ப் பாருங்களேன்."

பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். "பெரியம்மா விடமாட்டேங்கிறாங்க ரீச்சர். பிரேதத்துக்கு மண்ணெண்ணெய் பூசலாமான்னு ஏசுறாங்க."

"தேங்காயெண்ணெயும் கரைக்கும்," என்றேன். "அதைக் கொண்டா."

அதைப் பெரியம்மா மறிக்கவில்லை. தேங்காயெண்ணெய் தலைக்கு வைக்கிறதுதானே. பிள்ளை பழைய துணியொன்றை எண்ணெயில் நனைத்து நெற்றியிலிருந்து தொடங்கினாள். நான் துணி மாற்றிக் கொடுத்தேன். கறுப்பு இளகி, பழுப்பாகி, துணியோடு வந்தது. புருவம் தெரிந்தது. பிறகு மூக்கு. மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு தெரிந்ததும் அவளுடைய கை நின்றுவிட்டது.

நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். தாயும் அந்தத் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும், நிப்பாட்டு," என்றார் தாய். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

பிள்ளை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே காதுமடல், கழுத்து எல்லாம் துடைத்து முடித்தாள். சுத்தமான முகத்தோடுதான் அவரைப் பெட்டியில் வைத்தார்கள்.

அடக்கம் முடிந்த கையோடு அவர்கள் ஹெந்தளையில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது முன்வாங்கில் பாதி வெறுமையாக இருந்தது. அவள் வருவாள் என்று சில மாதம் எதிர்பார்த்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் பம்பலப்பிட்டி ஸ்டேசனில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். அவள்தான். நேர்ஸ் வேலை பழகுவதாகச் சொன்னாள். சந்தோசமாக இருந்தது. தாயைப் பற்றிக் கேட்டேன்.

"போன வருசம் தவறிப் போய்ட்டாங்க ரீச்சர்." கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கடைசி வரைக்கும் என்னோட முகம் பாத்துக் கதைக்கவே இல்ல. நான் துடைக்காம விட்டிருந்தா, அப்பா வருவாருன்னு காத்துக்கிட்டாவது இருந்திருப்பாங்க."

"நீ செய்தது சரிதான் பிள்ளை."

"சரிதான்," என்றாள். "அம்மாவுக்குத்தான் அது வேண்டாமா இருந்துச்சு."

கோட்டை ரயில் வந்தது. அவள் டியூட்டிக்குப் பிந்துகிறது என்று பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் போகவேண்டிய ரயிலும் அதுதான். தேங்காயெண்ணெயைக் கொண்டுவரச் சொன்னது நான்தானே. ஏற மனமில்லாமல் அடுத்ததுக்காக வாங்கில் உட்கார்ந்தேன்.