மஞ்சள் சேராத எலுமிச்சஞ்சோறு

உற்றார் உறவினருக்கும், அண்ணனோடு ரங்கூன் அலோன் துறையில் தோள்சேர்ந்து உழைத்த அன்பர்களுக்கும் வணக்கம்.

இந்த நினைவு மலர் தங்கள் கைக்கு வரும் நாளில் எங்கள் அண்ணன் பிரிந்து ஒரு வருஷம் நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் ஒப்படைத்தார். "நீங்கதான் எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கீங்களே தம்பி" என்றார். உண்மைதான். ரங்கூனில் கால்வைத்த நாள்முதல் இருபத்தாறு வருஷங்களாகத் தவறாமல் நாட்குறிப்பு எழுதிவருகிறேன். ஆகவே இதில் வரும் பேச்சுகளையும் அளவுகளையும் அந்தக் குறிப்புகளைப் பார்த்தே எழுதுகிறேன். ஒரு விஷயம் மட்டும் அவற்றில் தவறாகப் பதிந்திருக்கிறது. அதை உரிய இடத்தில் திருத்துகிறேன்.

அண்ணன் நாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் படகு கட்டும் தச்சர். தாயார் காலமானபோது அண்ணனுக்கு வயது பதின்மூன்று, எனக்கு நான்கு. பத்தொன்பதாம் வயதில் கப்பலேறி வந்து, அலோன் கரையில் அரிசி மூட்டை சுமக்கும் வேலையில் சேர்ந்தார். எட்டு வருஷம் சுமந்தபின் மூட்டைகளை எண்ணிப் பதியும் வேலை கிடைத்தது. பின்னர் மேஸ்திரி ஆனார். ஒருமுறை பாரம் தூக்கும் சங்கிலியில் இடக்கை சிக்கி, இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அதற்கு அடுத்த கப்பலில்தான் என்னை வரவழைத்தார். விரல்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கூட எழுதவில்லை. இறங்குதுறையில் கையைப் பார்த்து நான் அழுதபோது, "எண்ணுறதுக்கு வாய் இருக்குடா" என்றார்.

அந்த வாயை அறியாதவர் அலோனில் இல்லை. இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்தி எண்ணிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. முதல் மூட்டையை "ஒன்று" என்று சொல்லமாட்டார். நெல் அளப்பவர்களின் வழக்கப்படி "லாபம்" என்று தொடங்கி, "ரெண்டு, மூணு" என்று போவார். கோயிலில் கூட ரகசியம் சொல்லத் தெரியாத மனிதர் என்று அண்ணி கேலி செய்வார்.

ஐரோப்பிய யுத்தம் முடிந்து ஐந்தாம் வருஷம், மார்கழியில் அண்ணிக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. பிழைப்பாரா என்று தெரியாத நாட்கள் பல. தை பிறந்தபின் காய்ச்சல் விட்டது. பசி மட்டும் திரும்பவில்லை. கஞ்சி, பார்லித் தண்ணீர், பால் எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு தலையைத் திருப்பிக்கொள்வார். கட்டிலிலிருந்து அவரைத் தூக்கி உட்கார்த்திய அண்ணன், "சாக்குத்துணி கூட இதவிட கனமா இருக்கும்டா" என்று என்னிடம் சொன்னார். மாசி மாதம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனி பத்தியம் வேண்டாம். நாக்கு எதைக் கேட்கிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிடாவிட்டால் இவரைத் தேற்ற என்னிடம் மருந்து இல்லை" என்று சொல்லிச் சென்றார்.

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இந்தா புள்ள, என்னா வேணும் சொல்லு."

"எல்லாம் மண்ணா இருக்குங்க."

"மண்ணில்லாம ஒண்ணு சொல்லு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "புளிப்பா, ஒறப்பா… எலுமிச்சஞ்சோறு" என்றார்.

வீட்டில் அப்போது சமைக்கத் தெரிந்தவர் யாருமில்லை. என் மனைவி பிள்ளைகளோடு தம் தந்தையாரைப் பார்க்க ஊருக்குக் கப்பலேறியிருந்தார். நானும் அண்ணனும் சோறு வடிப்போம், முட்டை அவிப்போம், அவ்வளவுதான். இருந்தும் அடுப்பில் கரியைப் போட்டு ஊதினோம். முதல் நாள் குறிப்பு இவ்வாறு இருக்கிறது: "திங்கட்கிழமை. எலுமிச்சை ஆறு. அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போதே சாறு பிழியப்பட்டது. கசப்பு. அண்ணி அரைக் கவளம். மீதி காகங்களுக்கு. காகங்களும் முழுவதும் உண்ணவில்லை."

கசந்த புகை கீழ்வீட்டுக்கு இறங்கியிருக்கிறது. அங்கே குடியிருந்த மா மியா, கெமண்டைன் சந்தையில் காய்கறி விற்கும் பர்மியப் பெண்மணி. மறுநாள் நாங்கள் மீண்டும் தொடங்கிய ஓசை கேட்டுப் பின்படிக்கட்டில் ஏறிவந்தார். ஒரு கையில் கொத்துமல்லிக் கட்டு. மறு கையில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியதுபோல் இரட்டையாக இருக்கும் நாரத்தை இலைகள்.

"ஆக்கோ, நெருப்பு மேல தம்பயா புழியாதே! கசப்பு! சட்டி கீழ எறக்கு, அப்பறம் புழி" என்றார். ஆக்கோ என்றால் அண்ணன். தம்பயா என்றால் எலுமிச்சை. "இந்த எல சின்னச் சின்னதா வெட்டு. பச்சை எல நெறையப் போடு. வீட்டம்மா மூக்கு மொதல்ல சாப்பிடும். வாய் பின்னால வரும்."

அன்று நான் முன்னேற்பாட்டோடு இருந்தேன். முதல் நாள் தவறுக்கு ஒழுங்கின்மையே காரணம் என்பது என் எண்ணம். ஆகவே செய்முறையை வரிசைப்படி ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். நான் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பது, அண்ணன் செய்வது என்று ஏற்பாடு. சோற்றை வடித்துத் தாம்பாளத்தில் ஆறவிட்டோம். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், இஞ்சி, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. சட்டியை இறக்கிய பிறகே அண்ணன் எலுமிச்சையை வலக்கையில் பிழிந்தார். விதை விழாதபடி மடங்காத இரு விரல்களையும் சல்லடைபோல் கீழே பிடித்துக்கொண்டார். கடைசியில் கொத்துமல்லியும் நாரத்தை இலையும் பொடியாக அரிந்து போட, சோறு முழுவதும் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. வாசனை மாடி முழுவதும் நின்றது.

அந்தச் சமயம் பார்த்து, கெமண்டைனிலிருந்து டிராமில் வந்து இறங்கினார் எங்கள் சின்னம்மா. தாம்பாளத்தை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா இது? எலுமிச்சஞ்சோறுங்கிற, வெள்ளையா இருக்கு! மஞ்சள் எங்கடா?"

நாங்கள் இருவரும் சோற்றைப் பார்த்தோம். மஞ்சள் இல்லை.

எங்கள் குடும்பத்தில் துக்க வீட்டில்தான் ஒரு வருஷம் மஞ்சள் சேர்க்காமல் சமைப்பார்கள். அடுத்த அறையில் எலும்பும் தோலுமாகப் படுத்திருக்கும் பெண்ணுக்கு அதையே ஆக்கி வைத்திருந்தோம்.

"சீக்காளிக்கு எழவு வீட்டுச் சோறா ஆக்கிப் போடுறே, பெரியவனே? ஒனக்குப் புத்தி இருக்கா? கொட்டுடா! வேற வடி!"

"நாந்தான் மறந்துட்டேன் சின்னம்மா" என்றார் அண்ணன். "மூட்டை எண்ணுறவனுக்குச் சமையல் என்னா தெரியும்?" சொல்லிக்கொண்டே சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். தாம்பாளத்தைக் கையில் எடுத்துவிட்டார். கொட்டுவதற்குப் பின்படிக்கட்டை நோக்கித் திரும்பினார்.

அப்போது அறையிலிருந்து குரல் வந்தது. "கொட்டாதீங்க. வாசனை நல்லாருக்கு. இங்க கொண்டாங்க."

"வேணாம்மா, அது ஆகாது" என்றார் சின்னம்மா.

"மஞ்ச எங் கழுத்துக் கயித்துல இருக்கு சின்னம்மா. சோத்துல எதுக்கு?"

சின்னம்மா வழிவிட்டார். அண்ணன் சோற்றை உருட்டி நீட்டினார். அண்ணி மென்றார், விழுங்கினார், மீண்டும் வாய் திறந்தார். அண்ணன் தம்மை அறியாமல் தொடங்கிவிட்டார்: "லாபம். ரெண்டு. மூணு…" துறையில் கேட்கும் அதே குரல். கீழே தம் வீட்டுக்குத் திரும்பியிருந்த மா மியா, "கவுங்தே, கவுங்தே!" என்று கை தட்டினார், நல்லது, நல்லது என்று பொருள். ஏழாவதில் சின்னம்மா கண்ணைத் துடைத்தார். பதினொன்றில் அண்ணி கையமர்த்தினார்.

"எண்ணாதீங்க. நான் என்ன மூட்டையா?"

"மூட்டையாகு, அப்பறம் நிறுத்துறேன்" என்றார் அண்ணன்.

மறுநாள் பதினான்கு. வெள்ளிக்கிழமை பத்தொன்பது. பங்குனி முடிவதற்குள் அண்ணி தாமே படியிறங்கி மா மியாவிடம் கொத்துமல்லி வாங்கி வந்தார்.

இனி திருத்தத்துக்கு வருகிறேன். அன்றைய என் நாட்குறிப்பில், "அண்ணன் மஞ்சளை மறந்தார்" என்று இருக்கிறது. அது பொய். பட்டியலை எழுதியவன் நான். அதில் மஞ்சள் என்ற சொல்லே இல்லை. அண்ணன் நான் படித்ததைப் படித்தபடி செய்தார். அன்று மாலை அவரிடம், "அண்ணே, சின்னம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்" என்றேன். அவர் தமக்குத் தெரிந்த மெல்லிய குரலில், "போடா. நான் மறந்தேன்னா ஒரு நாள் சிரிப்பாங்க. நீ மறந்தேன்னா ஒன் கணக்கு எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க" என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன். ஐந்து வருஷமாகக் கல்யாண வீடுகளில், பொங்கலுக்குக் கூடும்போது, "மஞ்சளை மறந்த மேஸ்திரி" என்று அவரைச் சொல்லிச் சிரித்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவரும் கூடவே சிரித்தார். மறந்தவன் நான்.

அதுமுதல் எங்கள் வீட்டு எலுமிச்சஞ்சோற்றில் மஞ்சள் சேர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வறுத்த மீனுக்குப் பக்கத்தில் இலையோரத்தில் ஒரு கை வைப்போம். ஊரிலிருந்து புதிதாக வந்து, இறங்குதுறையில் திசை தெரியாமல் நிற்பவர்களை அண்ணன் வீட்டுக்கு அழைத்து வருவார். ரங்கூனில் அவர்களது முதல் சாப்பாட்டில் அந்தச் சோறு இருக்கும். "மஞ்சள் இல்லியே" என்று யாராவது கேட்டால், "இங்க இப்படித்தான்" என்பார்.

சென்ற வருஷம் ஐப்பசியில் நெஞ்சில் சளி கட்டி, மூன்று வாரம் படுத்திருந்தார். கடைசி நாட்களில் குரல் அடங்கிவிட்டது. "இப்பத்தான் மெதுவாப் பேசக் கத்துக்கிட்டீங்க" என்று அண்ணி சொன்னபோது சிரித்தார். ஒரு புதன்கிழமை காலை அமைதியாகக் கண்மூடினார்.

பதினாறாம் நாள் கழிந்தபின் அண்ணியைப் பற்றிய பழைய கவலை எங்களுக்குத் திரும்பியது. அதே அறை, அதே கட்டில், அதே தலைத்திருப்பல். என் மனைவி எது ஆக்கினாலும் இரண்டு வாய். துக்க வீட்டில் தாளித்துக் கொட்டி ருசியாகச் சமைக்கவும் எங்களுக்குத் தயக்கம். ஒரு நாள் சின்னம்மா வந்தார். அண்ணியைப் பார்த்தார். நேரே என்னிடம் வந்தார்.

"பெரியவன் ஆக்கினானே அந்தச் சோறு, அதை ஆக்கு."

"துக்க வீட்ல எலுமிச்சஞ்சோறா சின்னம்மா?"

"அதுலதான் மஞ்சளே கெடையாதே! அதுக்கு என்னடா விலக்கு? வடி, போ."

அன்று என் மனைவியை விலக்கிவிட்டு நானே அடுப்பேற்றினேன். எண்ணெய் காய்ந்து, மிளகாயும் இஞ்சியும் விழுந்து, எலுமிச்சையைக் கையில் எடுத்த நேரம். அறையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி! சட்டியை எறக்கிட்டீங்களா?"

நான் இறக்கவில்லை. உடனே இறக்கினேன். சற்று நேரத்தில் அண்ணியே சுவரைப் பிடித்தபடி வந்து மணையில் உட்கார்ந்து, என் கையிலிருந்த கொத்துமல்லியை வாங்கி அரியத் தொடங்கினார். அப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று மஞ்சளை விட்டவன் நான் என்று.

அவர் நிமிரக்கூட இல்லை. "தெரியுமே. நீங்க பட்டியலைப் படிக்கறப்பவே, மஞ்சள் வரலியேன்னு படுத்துக்கிட்டுக் கேட்டேன். எடுத்துச் சொல்லத் தெம்பில்ல. அப்பறம் சாயங்காலம் உங்க அண்ணன் உங்ககிட்ட ரகசியம் பேசினாரே, அது தெருமுனை வரைக்கும் கேட்டுது. சின்னம்மாவுக்கும் தெரியும்."

வாசலில் இருந்த சின்னம்மா, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அண்ணி சிரித்தார். துக்கத்துக்குப் பின் முதல் சிரிப்பு. பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு கவளம் எடுத்து, வாயில் போடுமுன் தாமே மெல்லச் சொல்லிக்கொண்டார்: "லாபம்." அன்று எத்தனை கவளம் என்று நான் எண்ணவில்லை. என் நாட்குறிப்பில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

அண்ணியின் நோய்க்காலத்திலும் அண்ணனின் கடைசி நாட்களிலும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டாக்டருக்கும், எங்கள் வீட்டுக்குக் கொத்துமல்லி இல்லாமல் ஒரு நாளும் கடை கட்டாத மா மியாவுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்துசென்ற அலோன் துறைத் தோழர்களுக்கும், இந்த ஒரு வருஷம் வாரம் தவறாமல் டிராமேறி வந்த சின்னம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இன்றோடு துக்கம் கழிகிறது. இனி மஞ்சள் சேர்க்கலாம் என்று சின்னம்மா நேற்று நினைவூட்டினார். "மத்ததுல சேத்துக்கலாம்" என்றார் அண்ணி. தங்கள் இலையோரத்தில் இன்று பரிமாறப்படும் சோறு அவர் கையால் ஆனது. அளவு கேட்டவர்களுக்காகப் புதிய பட்டியல் ஒன்று எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு படி அரிசிக்கு எலுமிச்சை பத்து, பச்சை மிளகாய் பன்னிரண்டு, இஞ்சி விரல் நீளம், நாரத்தை இலை எட்டு, கொத்துமல்லி இரண்டு கைப்பிடி. சட்டியை இறக்கிய பின்பே சாறு. இம்முறை மஞ்சள் என்ற சொல்லையும் மறக்காமல் எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே, "இல்லை" என்று அண்ணி எழுதச் சொன்னார்.