மாமனார் பிடித்த மீசைக்கெண்டை

முப்பத்தொரு வருஷம் லிப்டுகளைப் பழுதுபார்த்துப் பிழைத்த மனிதர் அவர். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, "கயிறு அறாதுங்க, பத்து நிமிஷம், நான் இங்கயேதான் இருக்கேன்" என்று பேசிப் பேசியே பலரின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். வாய் இருந்தால் போதும், ஸ்பானர்கூட வேண்டாம் என்று கம்பெனியில் அவரைக் கேலி செய்வார்கள். அந்த வாய், ஒரே மகள் இறந்த அன்றோடு அடைத்துப்போயிற்று.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் காலை போய்விட்டாள். இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை.

மாப்பிள்ளை குடிநீர் வாரியத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். பெண் பார்க்க வந்த அன்று இரண்டே வார்த்தைதான் பேசினார் என்று மெக்கானிக் தன் மனைவியிடம் அவரை 'ஊமைக்கோட்டான்' என்றே குறிப்பிடுவார். அந்த ஊமைக்கோட்டான், மனைவி இறந்த பிறகும் ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றது.

"சாப்ட்டீங்களா மாப்ள?"

"ஆச்சு மாமா."

"வேலையெல்லாம்?"

"போகுது மாமா."

அதோடு பேச்சு கடையைக் கட்டிவிடும். இருவரும் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து, டிவிக்கு மேலே மாட்டியிருந்த மகளின் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். சமையலறையில் மாமியார் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை எழுந்துகொள்ளும்போது மூன்று பேருக்கும் மூச்சு வரும்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு, மாப்பிள்ளையை வழியனுப்பப் பால்கனிக்கு வந்த மெக்கானிக், கீழே மோட்டார் சைக்கிளில் ஆளுயரத்துக்கு ஒரு பை கட்டியிருப்பதைப் பார்த்தார்.

"அது என்ன மாப்ள, துப்பாக்கியா?"

"தூண்டில் மாமா. மீசைக்கெண்டை பிடிக்கப் போறேன்."

"மீனுக்கு மீசையா?"

"நாலு மீசை. வாயோரத்துல. ஆத்துத் தரையில தடவித் தடவி அதாலதான் இரை தேடும்."

மூன்று மாதத்தில் மாப்பிள்ளை ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். மெக்கானிக்குக்கு என்ன தோன்றியதோ, "நானும் வரட்டுமா?" என்றார். கேட்ட பிறகுதான், தான் கேட்டது அவருக்கே உறைத்தது.

ஊருக்கு வெளியே ரயில் பாலத்துக்குக் கீழே, தடுப்பணை தாண்டி ஆறு வேகமாக ஓடும் இடம். கூழாங்கல் தரை. மீசைக்கெண்டைக்கு ஓடுகிற தண்ணீர்தான் பிடிக்கும், குட்டை மாதிரித் தேங்கின இடத்தில் அது இருக்காது என்றார் மாப்பிள்ளை. முதல் நாள் பன்னிரண்டு அடித் தூண்டில் ராடைக் கையில் கொடுத்தபோது மெக்கானிக் அதைக் குடை மாதிரிப் பிடித்தார். வீசியதில் முள் பின்னால் நின்ற மரத்தில் போய் மாட்டியது. இரண்டாவது வீச்சும் அதே கிளைக்கு.

"மாமா, மீன் தண்ணியில இருக்கு."

"தெரியுது மாப்ள. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்த மறுகணம் ஏதோ தப்பு செய்துவிட்டவர்கள் போல இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

ஆனால் கருவிகள் அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டன. எதுவும் சிக்கலாக இல்லை. தூண்டில் நரம்பில் ஒரு தட்டை ஈயம். உருண்டை ஈயம் என்றால் ஓட்டம் உருட்டிக்கொண்டு போய்விடும். ஈயத்துக்குக் கீழே முடிச்சைக் காக்க ஒரு ரப்பர் மணி. அதற்கடுத்து, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுற்றும் ஒரு சின்ன வளையம். அதிலிருந்து இரண்டு முழம் மெல்லிய நரம்பு, நுனியில் முள். ஈயத்தை முடிச்சுப் போட்டு இறுக்காமல் ஏன் வழுக்க விட வேண்டும் என்று அவர் கேட்டார்.

"இரையை எடுத்துட்டு மீன் நகரும்போது கனம் தெரியக்கூடாது மாமா. தெரிஞ்சா துப்பிடும். அதோட, எங்கயாவது நரம்பு அறுந்துபோச்சுன்னா, மீன் ஆயுசுக்கும் ஈயத்தை இழுத்துக்கிட்டே திரியக்கூடாது இல்ல?"

நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலில் இருந்த திருகாணியை அவர் தானாகவே கண்டுகொண்டார். "இது பிரேக்தானே? ரொம்ப இறுக்கினா கயிறு அறும், ரொம்பத் தளர்த்தினா லிப்ட் கூண்டு ஓடிரும்." மாப்பிள்ளை முதல்முறையாக மாமனாரை மரியாதையோடு பார்த்தார்.

அப்படி ஆரம்பித்தது. ஞாயிறு விடிந்தால் ஃபிளாஸ்கில் டீ, ஒரு பொட்டலம் ரொட்டி, டப்பாவில் மண்புழு. டப்பா ஃப்ரிட்ஜுக்குள் போனபோது மாமியார் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். ஆற்றங்கரையில் இரண்டு கவட்டைக் குச்சிகள், அவற்றின் மேல் இரண்டு ராடுகள், பக்கத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ராடு நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மீசைக்கெண்டை கடித்தால் கொஞ்சிக் கொஞ்சி இழுக்காது, ஒரே இழுப்பில் ராடையே ஆற்றுக்குள் கொண்டுபோய்விடும். அதனால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இருவருக்கும் இல்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. மாதக் கணக்கில் அவர்கள் பேசியதெல்லாம் முள், ஈயம், ஓட்டம், மேகம். மகள் பெயரை இருவரில் ஒருவரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு அவ்வப்போது மீன் மாட்டும். மாமனாருக்கு ஒன்றுகூட இல்லை.

பதினோராம் மாதம், சம்பந்தியம்மா போன் செய்தார். பேசி முடித்துவிட்டு மனைவி கூடத்துக்கு வந்து அவருக்கு எதிரே நின்றார்.

"மாப்பிள்ளைக்கு ஒரு இடம் வந்திருக்காம். நல்ல பொண்ணாம், துறைமுகத்துப் பக்கம் ஸ்கூல்ல டீச்சர். இவருக்கும் அங்கயே மாத்தல் கிடைக்குமாம். இவர்தான் பிடி கொடுக்க மாட்டேங்கிறார்."

"ஏனாம்?"

"மாமாவை விட்டுட்டு எப்படிப் போறதுன்னாராம்."

அவர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இன்னும் வருஷம்கூடத் திரும்பல. அதுக்குள்ள என்ன அவசரம் அவங்களுக்கு?"

"வருஷம் திரும்பினா மட்டும் அவ வந்துடப் போறாளா?" மனைவியின் குரல் உயரவே இல்லை. மகளை எடுத்துக்கொண்டு போன அன்றும் அந்த அம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். "முப்பத்திரெண்டு வயசுப் பையன். உங்களோட உக்காந்து புழு குத்திக்கிட்டே கிழவனாகணுமா? நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. சொல்லிடுங்க."

அடுத்த ஞாயிறு அவர் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் முகத்தைப் பார்ப்பார். இவர் கால் கழுவப் போய்விடுவார். உலகத்தில் தன் மகளை நினைத்துத் தூக்கம் கெட்ட ஆண்கள் இரண்டே பேர்தான், அதில் ஒருவனை நானே எப்படிக் கிளப்பி அனுப்புவேன் என்பதுதான் அவர் கணக்கு. அதை யாரிடம் சொல்ல முடியும்? தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு, வானம் மூடியிருந்த ஒரு காலை, அவருடைய ராடு வளைந்தது. வளைந்தது என்றால் சும்மா இல்லை, கவட்டைக் குச்சியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் பாய்ந்து பிடித்தார். ரீல் கிறீச்சிட்டது.

"பிரேக்கைத் தொடாதீங்க மாமா! ஓடட்டும், ஓடட்டும்! ராடைத் தூக்கிப் பிடிங்க!"

தரையோடு ஒட்டிக்கொண்டு, பாலத்துத் தூணைப் பார்த்து அது ஓடியது. நின்றது. திரும்பியது. அவர் ராடைத் தூக்கிப் பிடித்தார். உதடு தானாக ஏதோ முணுமுணுத்தது. கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையை நீட்டினார். வெண்கல நிறத்தில் முழங்கை நீள மீன். நாலு மீசை. எட்டு மாதம் காத்திருந்து பிடித்த முதல் மீன்.

முள்ளை எடுத்தவுடன் மாப்பிள்ளை, "தண்ணியில இறங்குங்க மாமா. ரெண்டு கையாலும் ஏந்திப் பிடிங்க, தலை ஓட்டத்தைப் பாத்து இருக்கணும். ரொம்பக் களைச்சிருக்கு. இப்படியே விட்டா மல்லாந்துடும். அதுக்கு மூச்சு வர்ற வரைக்கும் விடக்கூடாது," என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"அதுவா போற வரைக்கும்."

இருவரும் குளிர்ந்த தண்ணீரில் குனிந்து நின்றார்கள். மாமனார் வயிற்றடியில் ஏந்தியிருந்தார்; மாப்பிள்ளை வாலைப் பிடித்திருந்தார். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. இருவருடைய தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. ராடு நுனியைப் பார்த்துத் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

"மாப்ள," என்றார் அவர். "பொண்ணு எப்படி?"

"எந்தப் பொண்ணு?"

"மழுப்பாதீங்க. டீச்சராமே."

மாப்பிள்ளை நிமிரவில்லை. "நான் வேண்டாம்னு சொல்லிட்டேன் மாமா."

"எதுக்கு? அந்தப் பொண்ணைப் பிடிக்கலையா?"

மாப்பிள்ளை வாலைப் பிடித்திருந்த பிடியைச் சரிசெய்தார். பிறகு, "பிடிக்கலைன்னு சொல்ல முடியல. அதுதான் மாமா கஷ்டமா இருக்கு," என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போதே குரல் உடைந்துபோயிற்று. வாலைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை; தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க என்ன நினைப்பீங்கன்னு... நான் போயிட்டா நீங்க யாரோட..."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். பூட்டிய லிப்ட் கதவுகளுக்கு வெளியே நின்று பேசிய அந்தப் பழைய குரல், எங்கிருந்தோ அவருக்கு வந்தது.

"ஒண்ணும் ஆகாது மாப்ள. மீன் பிடிக்க ரெண்டு ஆள் வேணும்னு சட்டமா இருக்கு? நானும் உங்க அத்தையும் இருக்கோம். நீங்க போங்க. நான் சொல்றேன்ல, போங்க."

"மாமா..."

"வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சரின்னு சொல்லுங்க. இன்னைக்கே."

மீன் ஒருமுறை உடம்பை முறுக்கியது. இருவர் கையும் விலகின. கூழாங்கற்களின் மேல் ஒரு நிழல் போல நழுவி, கலங்கலுக்குள் மறைந்தது. அவர்கள் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நின்றார்கள்.

கல்யாணத்துக்கு இவர்கள் போகவில்லை. கூப்பிட்டார்கள்; அந்தப் பெண்ணே போனில் கூப்பிட்டாள். "நல்ல நாள்ல நம்ம மூஞ்சியைப் பாத்தா அந்தப் புள்ளைக்குச் சங்கடம்," என்று மனைவி சொல்லிவிட்டார். மாப்பிள்ளை முதலில் வாரம் ஒருமுறை பேசினார், அப்புறம் மாதம் ஒருமுறை. கடலில் என்ன மீன் கிடைக்கிறது என்று சொல்வார். கடைசியில் இருவருமே கொஞ்சம் திணறுவார்கள். மெக்கானிக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் தனியாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். முடிச்சு நன்றாகவே விழுந்தது. வீச்சும் சரியாக விழுந்தது. பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு ஞாயிறு அவர் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க?"

"உங்க கூடத்தான். வீட்டுல உக்காந்து என்ன பண்றது?"

இரண்டாவது மடக்கு நாற்காலியில் அந்த அம்மாள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். புழுவைப் பார்த்து முகம் சுளித்தார். இதில் நாள் பூரா என்ன இருக்கிறது என்றார். டீயில் சர்க்கரை போதவில்லை என்று தான் போட்ட டீயையே குறை சொன்னார். பாலத்தின் மேல் ஒரு ரயில் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகு, ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார்:

"மாப்பிள்ளை நம்ம பொண்ணைக் கட்டுறதுக்கு முன்னாலேர்ந்தே இங்க வர்றவர்தானே?"

"ஆமா."

"அவளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரா? அவ இங்க உக்காந்திருக்காளா?"

அவர் வாயைத் திறந்தார். எட்டு மாத ஞாயிறுகள், எத்தனை மணி நேரம், எத்தனை ஃபிளாஸ்க் டீ. ஈயம் ஏன் வழுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நரம்பு எத்தனை கனம் தாங்கும் என்று கேட்டிருக்கிறார்.

"தெரியல," என்றார். "நான் கேக்கவே இல்ல."

மனைவி தலையை ஆட்டினார்.  புடவைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அத்தனை மாதமும் வராத அழுகை, அந்தக் கூழாங்கல் கரையில், தோள் குலுங்கக் குலுங்க வந்தது. அவர் ராடை மடக்கித் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை மனைவி பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.